கேஸ் திருடன் கடை

பிரிஜ் திருத்துகிறவன் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோர் முகத்திலும் சந்தோஷம் இருக்கும். கூலியைச் சொல்லும்போது அவன்தான் அந்த பிரிஜ்ஜைக் கெடுத்தவன் என்பது போலப் பார்ப்பார்கள். ரேடியோவோ தையல் மெஷினோ, எதையாவது திருத்திப் பிழைக்கிறவராக இருந்தால் உங்களுக்கும் இந்தப் பார்வை பழகியிருக்கும். ஆனால் உங்களை யாரும் காற்றைத் திருடியவன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைச் சொன்னார்கள். பதுளையில், பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் தெருவில் நான் கடை போட்ட புதிதில், அந்தப் பெயரோடு கடையை நடத்துவதா, இல்லை பூட்டுப் போட்டுவிட்டுத் திரும்பவும் கப்பல் ஏறுவதா என்பதுதான் என் வீட்டில் தினமும் நடந்த பேச்சு.

நடுக்கடலில் யார் பார்க்கிறார்கள்?

நான் பிறந்தது கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கடலைப் பார்த்ததே கொழும்புக்கு பிரிஜ் வேலை படிக்கப் போனபோதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. இறைச்சிக்கு ஓர் அறை, மீனுக்கு ஓர் அறை, மரக்கறிக்கு ஓர் அறை என்று கப்பலில் குளிர் அறைகள் உண்டு. அவை குளிராகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இறைச்சி கெட்டால் சமையல்காரர் என்னைத்தான் வெட்டுவார்.

கப்பல்களால் காற்று கெடாமல் இருப்பதற்கு தொண்ணூற்றேழில் லண்டனில் பல நாட்டுக்காரர்கள் கூடி ஒரு சட்டம் எழுதினார்கள். புகைபோக்கியில் என்ன போகலாம், எண்ணெயில் எவ்வளவு கந்தகம் இருக்கலாம், கப்பலில் எந்தக் குப்பையை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது என்று நீளமான சட்டம். அதில் எனக்கென்றே எழுதியது போல ஒரு பகுதி இருந்தது: குளிர் அறைக் கேஸை வேண்டுமென்று வெளியே விடக் கூடாது. அது மேலே போய், வெயிலின் கெடுதலைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்துவிடுமாம். சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்த இன்னும் பல வருஷம் இருந்தது. எங்கள் கம்பெனி அதற்குள்ளேயே தொடங்கிவிட்டது. இனிமேல் குழாயைத் திறப்பதற்கு முன் கேஸ் முழுவதையும் ஒரு வெற்று சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு நிமிஷத்தில் முடிந்த காரியம் அரை நாள் வேலையாகிவிட்டது.

எங்கள் பெரிய என்ஜினியர் தூத்துக்குடிக்காரர், பெயர் சேவியர். சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானத்தில், வியர்வை கண்ணுக்குள் இறங்க அவரிடம் போய், "சார், நடுக்கடல்ல இத யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "யாரும் பாக்க மாட்டான்னுதாம்ல சட்டம் போட்டிருக்கான். பாத்துட்டு இருந்தாம்னா சட்டம் எதுக்குல?"

மீன் ஐஸும் மாஸ்டரும்

இரண்டாயிரத்தில் கப்பலை விட்டு இறங்கி, பதுளையில் கடை திறந்தேன். கப்பல் அனுபவம் உள்ளவன் என்று தெரியட்டுமே என்று பெயர்ப் பலகையில் ஒரு கப்பலும் வரைவித்தேன். கப்பலில் கேஸை இழுக்க மெஷின் இருந்தது. கடையில் இல்லை. ஆனால் வெற்று சிலிண்டரை ஐஸ் வாளிக்குள் வைத்து, பிரிஜ்ஜிலிருந்து வரும் குழாயை அதில் பூட்டினால், குளிரைத் தேடிக் கேஸ் மெதுவாகத் தானே உள்ளே போய்விடும். பதுளையில் வாளி நிறைய ஐஸ் கிடைக்கும் இடம் மீன் கடை ஒன்றுதான்.

என் முதல் பெரிய வேலை சிவகுரு மாஸ்டர் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு படிப்பித்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். அவர் வீட்டு பிரிஜ்ஜில் கேஸை அழுத்தித் தள்ளும் மோட்டார், அதுதான் கம்ப்ரஸர், எரிந்துபோயிருந்தது. நான் மீன் ஐஸ் வாளியோடு அவர் வாசலில் நின்றேன். மாஸ்டர் வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனவர்தான், நான் போகும் வரை வெளியே வரவில்லை.

அந்த வாளியைக்கூட மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். சத்தம் வராததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஊரில் எல்லா மெக்கானிக்கும் முதலில் குழாயை வெட்டுவார்கள். "புஸ்" என்று பெரிய சத்தத்தோடு கேஸ் வெளியே போகும். அதைக் கேட்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்கூட ஓடி வருவார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போல, அந்த புஸ் கேட்டால்தான் வைத்தியம் தொடங்கியதாக அர்த்தம். நானோ வாளிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா குந்திக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர் எரிந்த கேஸ் அழுக்காகியிருக்கும். கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யாமல் திரும்பப் போட முடியாது. ஆகவே புதுக் கம்ப்ரஸரும் புதுக் கேஸும் போட்டுவிட்டு, பழையதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"உந்தச் சிலிண்டருக்குள்ளை போனது எங்கடை கேஸ்தானே? அதை நீர் ஏன் கொண்டு போறீர்?" என்று மறித்தார் மாஸ்டர். லண்டன், ஓசோன், கப்பல் சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் என்னை முடித்துவிட்டார்: "தம்பி, உது கப்பலுக்குப் போட்ட சட்டமெல்லோ. என்ரை பிரிஜ் எந்தக் கடலிலை மிதக்குது எண்டு சொல்லும் பாப்பம்."

வெலிமடைத் தராசு

கேஸை வீணாக்கி வெளியே விடுகிறவன் நேர்மையான மெக்கானிக். வீணாக்காமல் எடுத்து வைப்பவன் திருடன். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் ஊருக்கு அது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. மாஸ்டர் சொன்னாரோ, மாஸ்டர் வீட்டு வேலியில் நின்றவர்கள் சொன்னார்களோ, "கேஸ் திருடன்" என்ற பெயர் பஸ் ஏறி வெலிமடை வரைக்கும் போய்விட்டது.

வெலிமடையில் முத்தையா முதலாளிக்கு உருளைக்கிழங்கு, லீக்ஸ் என்று மரக்கறி மொத்த வியாபாரம். பக்கத்திலேயே ஒரு பலசரக்குக் கடையும் உண்டு. அந்தக் கடையில் சோடா வைக்கும் பெரிய பிரிஜ் நின்றுபோய் எனக்கு ஆள் அனுப்பினார். போனதும் அவர் பிரிஜ்ஜைக் காட்டவில்லை. என் வெற்று சிலிண்டரை வாங்கித் தராசில் வைத்தார். ஒரு தட்டில் சிலிண்டர், மறு தட்டில் படிக்கல். கனத்தை மனதில் வைத்துக்கொண்டு, "இப்ப வேலையப் பாருங்க தம்பி" என்றார்.

வேலை முடிந்ததும் திரும்பவும் தராசு. கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒன்பது வருஷம் கப்பலில் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான். முதலாளி ஒரு படிக்கல்லைக் கூட்டி வைத்து முள்ளைச் சரிபார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வெறும் சோடாப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். கோபமே இல்லாமல், சரக்கு மாறிப்போனதைச் சொல்லுகிற குரலில் சொன்னார்: "கால் கிலோ கூடியிருக்கு தம்பி. எங்க கால் கிலோவ இதுல ஊத்திட்டு நீங்க பொறப்படுங்க."

செம்புக் கம்பி

என் கடைக்குப் பின்னால் பழைய இரும்பு வாங்கும் காதர் இருந்தார். நல்ல மனிதர். எரிந்துபோன கம்ப்ரஸர்களை அவருக்குத்தான் கொடுப்பேன். ஒருநாள் கடைக்குள் ஒரு நாற்றம். எட்டிப் பார்த்தால், காதர் பழைய மின்சார வயர்களைக் குவித்து நெருப்பு வைத்திருக்கிறார். மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்துவிட்டால் செம்பு தனியாக வந்துவிடும் அல்லவா? அந்தக் கரும்புகை நேராகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மேல்.

கப்பலின் குப்பை அடுப்பில் எரிக்கக் கூடாத சாமான்களுக்குள் இந்த வயர் பிளாஸ்டிக்கும் ஒன்று. கை சும்மா இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. போய் எல்லாவற்றையும் விளக்கினேன். காதர் தடியால் நெருப்பைக் கிளறியபடியே கேட்டுவிட்டு, "நெருப்பு வைக்காம செம்பு எடுக்கணும்னா, ஒவ்வொரு வயரையும் நான் வாழப்பழம் மாதிரி உரிச்சிக்கிட்டு ஒக்காரணும் அண்ணே" என்றார். நானும் விடவில்லை. உரித்தால்தான் இனிமேல் கம்ப்ரஸர் தருவேன் என்றேன். இரண்டு மாதம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு அவர் ஒரு கத்தியோடு வந்து என் கடை வாசலிலேயே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். ஒரு கம்ப்ரஸருக்காக இவ்வளவு பாடா என்று நானே இரங்கிப்போனேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி புஷ்பம், காதரின் மனைவியிடம் என் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "இவருக்குக் காலு மட்டுந்தான் அக்கா கப்பல விட்டு எறங்கியிருக்கு."

புஷ்பத்தின் யோசனை

இரண்டாவது வருஷம் கடையில் ஈ ஆடியது. தெருவின் மேல் முனையில் இன்னொரு மெக்கானிக் இருந்தார். அவர் கடையிலிருந்து நாளுக்கு நாலு தடவை புஸ் சத்தம் கேட்கும். ஒவ்வொரு புஸ்ஸும் என்னை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர். கொழும்பில் இருக்கும் கப்பல் ஏஜெண்டுக்கு ஒருநாள் போன் பண்ணினேன். இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார். மூத்தவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை வந்து அவள் எந்த வகுப்பு என்று கேட்கும் அப்பனாக இருக்க எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

நீங்கள் கேட்கலாம்: எல்லோரையும் போல நானும் புஸ்ஸென்று விட்டுவிட்டால் என்ன? கேட்காதவர்கள் இல்லை. ஆனால் கை வரவில்லை. கொள்கை கிள்கை என்று பெரிதாக ஒன்றுமில்லை. செருப்போடு சாமி அறைக்குள் போகச் சொன்னால் கால் எப்படிக் கூசுமோ அப்படித்தான் இதுவும். இத்தனைக்கும் அந்தச் சட்டம் அப்போது கடலிலேயே அமுலுக்கு வந்திருக்கவில்லை. பதுளையில், என் ஒரு கடையில் மட்டும் அமுலில் இருந்தது.

புஷ்பம் சாப்பாடு கொண்டுவந்த ஒரு மத்தியானம், நான் ஒட்டி முடித்த குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றியிருந்தேன். பார்த்து முடிந்ததும் வால்வைத் திறந்தேன். புஸ் என்று சத்தம் வந்தது. அவள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இது என்னா?" என்றாள்.

"நைட்ரஜன். நம்ம மூச்சு விடுற காத்துல முக்காவாசி இதுதான்."

"இத வெளிய விட்டா ஒங்க லண்டன்காரவுங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?"

"எதுக்குச் சொல்றாங்க? இதுல ஒரு கெடுதலும் இல்ல."

அவள் கறிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தபடி சொன்னாள்: "அப்ப இதையே புஸ்ஸு கேக்க வாறவுங்க காதுல விடுங்களேன்."

இன்னொரு தடவை

அடுத்த வேலை பண்டாரவளையில், ஒரு சாப்பாட்டுக் கடையில். கடைக்காரர் வருவதற்கு முன்பே போய், உண்மையான கேஸைச் சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டேன். கடைக்காரர் வந்து நின்றதும், ஓட்டை பார்க்க ஏற்றியிருந்த நைட்ரஜனை ஒரே திறப்பாகத் திறந்தேன். புஸ்! பாத்திரம் கழுவியவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் மலர்ந்து, எனக்கு ஒரு பிளேன்டீ போடச் சொன்னார். காது நிறைந்த பிறகு யாருடைய கண்ணும் என் சிலிண்டர் பக்கம் போகவில்லை.

அதன் பிறகு வேலை ஏறியது. கப்பல் ஏஜெண்டுக்கு நான் போன் பண்ணவே இல்லை. கேஸ் திருடன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஆனாலும் அதை இப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். திருடாத காலத்தில் நிமிர்ந்து நடந்தவன், நல்ல பெயர் வந்த பிறகு குனிந்து நடந்தேன். ஊரை ஏமாற்றி நேர்மையானவன் ஆவது நேர்மையில் சேருமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

கொஸ்லந்தவில் நான் பிறந்த தோட்டத்துக்கே ஒருமுறை வேலைக்குப் போனேன், தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு. புஸ் விட்டு முடித்துக் கருவிகளைப் பைக்குள் போடும்போது கிளாக்கர் என் தோளைத் தொட்டார். வேலையில் ஏதோ குறை என்று பயந்து திரும்பினேன். அவர் மரியாதையாகக் கேட்டார்: "இன்னொருக்கா விடுறீங்களா? வீட்டம்மா அடுப்படியில இருந்தாங்க, அவுங்களுக்குக் கேக்கல."

வாசலில் நின்றவர்

வருஷங்கள் போக, அந்தப் பழைய வகைக் கேஸ் நாட்டுக்குள் வருவது குறைந்தது. எந்த மெக்கானிக்கும் கேஸை வெளியே விடக் கூடாது என்று கொழும்பிலிருந்து வந்து வகுப்பு வைத்தார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேஸை இழுத்துச் சுத்தம் செய்யும் மெஷின் கொஞ்சம் வந்திருக்கிறதாம். கேஸைச் சேர்த்து வைக்கும் பழக்கம் யாருக்கு உண்டோ அவர்களுக்குக் கொடுப்பார்களாம். ஆனால் முதலில் கடைகளை வந்து பார்ப்பார்களாம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அந்த மெஷின் இருந்தால் மீன் ஐஸ் வேண்டாம். மறைத்துச் செய்ய வேண்டாம். சட்டமே சொல்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். புஷ்பத்திடம் தினமும் அதைப் பற்றியே பேசி அவள் வெறுப்பைச் சம்பாதித்தேன்.

அவர்கள் வருகிறோம் என்று சொன்ன நாளில் வரவில்லை. சொல்லாத நாளில் வந்தார்கள். அன்றைக்கு வெலிமடை முத்தையா முதலாளி தன் சோடா பிரிஜ்ஜை லொறியில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்திருந்தார். கேஸை இழுத்து முடித்து, குழாயை ஒட்டி, நைட்ரஜனும் ஏற்றியாகிவிட்டது. முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்துக்காகக் காத்திருந்தார். நான் வால்வைத் திறந்தேன். புஸ்! நிமிர்ந்தால், வாசலில் கையில் கோப்போடு கொழும்பு அதிகாரி நிற்கிறார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். என் பலகையில் இருந்த கப்பலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீர்தானே கப்பலிலை வேலை செய்த ஆள்? உதைத்தான் அங்கை படிச்சனீரோ?" என்றார்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் மெஷின் கிடைக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் கேட்டது பொய்ச் சத்தம் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். வெலிமடைக்குத் தெரிந்தால் பதுளைக்கும் தெரியும். பிறகு கடை ஏது? பேசாமல் இருந்தால் கடை இருக்கும். மெஷின் போய்விடும், கூடவே என்னைப் பற்றி நானே வைத்திருந்த மதிப்பும் போய்விடும். "சார், அது நைட்ரஜன். இவங்க கேஸ் இந்தச் சிலிண்டர்ல இருக்கு. நான் ஒருநாளும் வெளிய விட்டதில்ல" என்று சொல்லிவிட்டேன். முதலாளி இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

அதிகாரி நம்பவில்லை. "பிடிபடுற எல்லாரும் நைட்ரஜன் எண்டுதான் சொல்லுகினம்" என்றபடி கோப்பை மூடினார். அப்போது ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. முத்தையா முதலாளி எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போய் நின்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"ஐயா, இவர என்னா வேணும்னாலும் சொல்லுங்க, வெளிய விட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க. இந்தப் புஸ்ஸு சும்மா கண்தொடப்புக்கு. எங்கிட்டத் தராசு இருக்கு. இவரு எங்க கடைக்கு வந்து டீ குடிக்கிறப்பயும் சிலிண்டர நிறுத்திருக்கேன், வேல முடிஞ்சு கை கழுவுறப்பயும் நிறுத்திருக்கேன். சத்தம் கேக்காத காலத்துலயும் கால் கிலோ கூடுச்சு, சத்தம் கேட்ட காலத்துலயும் கால் கிலோ கூடுச்சு. ஒரு பொட்டு கேஸ வெளிய விடமாட்டாரு. அம்புட்டையும் இவருதான் திருடி வச்சிருக்காரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். நான் நடித்தேன் என்று தெரிந்தும், அவரும் ஸ்டூலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டு நடித்திருக்கிறார். அதிகாரி மூடிய கோப்பைத் திரும்பவும் திறந்தார். எழுதுவதற்கு முன்னால், திருடன் என்று தெரிந்தும் ஏன் இவரிடமே வருகிறீர்கள் என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல அவரைப் பார்த்துச் சொன்னார்: "திருடுனாலும் பிரிஜ்ஜ நல்லாச் செய்யிறாருங்களே."

மெஷின் வந்ததும், மீன் ஐஸ் வாளியைப் புஷ்பம் வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் பூச்செடி நட்டுவிட்டாள். கப்பல் படம் போட்ட என் கடையைப் பார்க்க வருகிறவர்கள் பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், கேஸ் திருடன் கடை எங்கே என்று கேட்டால் யாரும் நல்ல மரியாதையோடு வழி காட்டுவார்கள்.